துறைமுகத்துக்குச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை

காசிமேட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் நான்கு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தோடு வளர்ந்து, இன்றும் கிழவிகள் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகவே இருக்கிற ஸ்டான்லி. சவளை ராமசாமி முதலியார் கொடையில் எழுந்த ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. ஸ்காட்லாந்து மிஷன் டாக்டர் மட்டில்டா மக்ஃபெயிலின் உழைப்பில் உருவான ரெய்னி. தண்டையார்பேட்டையில் காலராவுக்கும் அம்மைக்கும் என்று கட்டிய தொற்றுநோய் மருத்துவமனை. வட சென்னையில் பிறந்தவர்கள் இந்த நான்கில் ஒன்றின் வாசலையாவது மிதித்திருப்பார்கள். நான் பிறந்ததே ஆர்.எஸ்.ஆர்.எம்.மில்தான்.

மருத்துவத்தோடு தலைமுறை தலைமுறையாக இவ்வளவு ஒட்டி வாழ்ந்த ஊரில், பதினைந்து வயதுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க இடம் இருந்ததா? முதலில் தெருநாடகக் குழுவில் ஆடியவளாக, பிறகு ஓர் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக, என் வேலைக்காலம் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் கழிந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தக் கரையில் பாலுறவு பற்றி அரசும் தொண்டு நிறுவனங்களும் யாரிடம், எதற்காகப் பேசின என்ற வரலாற்றை, நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு முதலில் பட்டாளத்துக்காக வந்தது. வெள்ளைச் சிப்பாய்களும் கப்பலில் வந்திறங்கும் மாலுமிகளும் மேகநோயில் விழ, சென்னை மாகாணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘லாக் ஆஸ்பத்திரி’களைத் திறந்தது. 1868-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், தொழில் செய்வதாகச் சந்தேகப்பட்ட பெண்களின் பெயரைப் பதிவுசெய்யவும், கட்டாயமாகச் சோதிக்கவும், நோய் இருந்தால் அடைத்துவைக்கவும் அதிகாரம் கொடுத்தது. அவர்களிடம் போய்வந்த ஆணை அந்தச் சட்டம் தொடவில்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1888-ல் இந்தியாவிலும் அது நீக்கப்பட்டது. சட்டம் போனாலும், நோய் பெண்ணிடமிருந்து வருகிறது என்ற நினைப்பு போகவில்லை. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் அதற்குப் பெயரே ‘பொம்பள சீக்கு’.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. 1881-ல் செயற்கைத் துறைமுகம் எழுந்து, புயலில் உடைந்து, மறுபடி கட்டப்பட்டது. அதன் பிறகு இந்தக் கரை வேலை தேடி வந்த ஆண்களின் ஊராகிவிட்டது. மூட்டை தூக்க ஆற்காட்டிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வந்தார்கள். விம்கோ தீப்பெட்டி ஆலை, 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன; வேலைக்கு வந்தவர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் யாராவது ஊர்க்காரர் படுத்திருப்பார்.

இப்படிப்பட்ட ஊர்களின் பிரச்சினை உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 1924 டிசம்பர் 1 அன்று பிரசல்ஸில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. எந்த நாட்டுக் கப்பல் தொழிலாளியானாலும் துறைமுகங்களில் பால்வினை நோய்க்கு இலவச சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் இந்தத் துறை நன்றாக வளர்ந்தது. டாக்டர் ஆர்.வி. ராஜமும் டாக்டர் பி.என். ரங்கய்யாவும் டோனோவனோசிஸ் என்ற பால்வினை நோயைப் பற்றி எழுதிய நூலை 1954-ல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. அறிவு சென்னையிலேயே இருந்தது. அதுவும் உலகத் தரத்தில். ஆனால் அது நோய் வந்த ஆணுக்காகக் காத்திருந்த அறிவு. அவன் வீட்டில் இருந்த மனைவிக்கோ, அவனைப் பார்த்து வளரும் மகனுக்கோ அதிலிருந்து ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. மகனுக்குப் பாடம் எடுத்தவர்கள் வேறு ஆட்கள். தியேட்டர் கழிப்பறைச் சுவரில் நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம் என்று நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறையெடுத்துத் தங்கிய வைத்தியர்கள். இந்த வட்டாரத்துப் பையன்களில் எத்தனை பேர் முதல் மாதச் சம்பளத்தை அந்த லாட்ஜ் அறையில் கொடுத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இயல்பாக நடப்பதை நோய் என்று சொல்லிக் காசு பிடுங்கிய வேலை அது.

இரண்டாவது முறை இந்தப் பேச்சு மக்கள்தொகைக்காக வந்தது. கர்ப்பத்தடை பற்றிப் பேசிய மால்தூசியச் சங்கம் 1928-ல் சென்னையில் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் நீதிபதிகளும் வக்கீல்களும். அவர்கள் கவலை நாட்டின் ஏழ்மை, பொருளாதாரம். கிட்டத்தட்ட அதே காலத்தில் பெரியார் ‘குடி அரசு’ இதழில் வேறு நியாயம் சொன்னார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கு வேண்டும், அவள் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். நூறாண்டாகப் போகிறது, உடம்பைப் பற்றிய அறிவு அந்த உடம்புக்குரியவருக்காகவே வேண்டும் என்று இவ்வளவு நேராகச் சொன்னவர்கள் அவருக்குப் பிறகும் குறைவுதான்.

அரசு எடுத்துக்கொண்டது நீதிபதிகளின் வழியை. சிவப்பு முக்கோணம், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’, 1968-ல் நிரோத். மூன்று நிரோத் 15 பைசா. டீத்தூளும் சிகரெட்டும் விற்ற கம்பெனிகளின் வண்டியிலேயே அதுவும் பெட்டிக்கடைக்கு வந்தது. நாங்கள் அதை ஊதித் தெருவில் பறக்கவிட்டு விளையாடினோம். பார்த்த பெரியவர்கள் பிடுங்கிக் கிழித்து முதுகில் ஒன்று வைத்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. கல்யாணமான ஆணுக்கு இரண்டோடு நிறுத்தச் சொல்லும் பிரச்சாரத்தில் கல்யாணமாகாதவர்களுக்கு இடமே கிடையாது.

இதே தெருவில் இன்னொரு வழக்கமும் இருந்தது, இருக்கிறது. பெண் வயசுக்கு வந்தால் பதினாறு நாள் தனி இடம், தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு. என் காலத்தில் தென்னை ஓலைக் குச்சும் குலவையும். இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெடுக ஃப்ளெக்ஸ் பேனர். பட்டுப்புடவையில் அந்தப் பிள்ளை, பக்கத்தில் மாமன்மார், கவுன்சிலர், தலைவர்கள் படம். இந்தச் சடங்கை ஒரேயடியாகத் திட்டுகிறவள் இல்லை நான். மீன் விற்கும் அம்மாவுக்கு அதுதான் ஊர் மொய் திரும்பி வரும் நாள், தன் மகளை ஊர் மதிக்கும் நாள். ஆனால் கொண்டாட்டம் முழுவதிலும் அந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பில் என்ன நடந்தது என்று சொன்னவர் யார்? என் பாட்டி எனக்குச் சொன்னது “இனிமே ஆம்பளப் பசங்களோட வெளையாடாத” என்ற ஒரே வரி. நம்பிக்கை மையத்துக்கு வந்த பெண்பிள்ளைகளிடம் கேட்டபோதும் ஏறக்குறைய அதே வரிதான் வந்தது, முப்பது ஆண்டு கழித்து. பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தரும் ‘புது யுகம்’ திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டபோது நான் கைதட்டினேன். முதலில் அது கிராமப்புறத்துக்கு என்று வகுத்திருந்தார்கள். தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் அந்த ஆண்டுதான் கத்திவாக்கத்தோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்திருந்தன; அதனால் அங்கிருந்த பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றார்கள்.

மூன்றாவது முறை வந்தது எய்ட்ஸ்.

1986-ன் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, மயிலாப்பூரில் அரசு காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. அமெரிக்காவில் மறுபடி சோதித்து உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது இப்படித்தான். அறிவிப்புக்குப் பிறகு நடந்தது 1868-ன் மறுபதிப்பு. நோய் இருந்த பெண்களைக் காப்பகத்திலிருந்து விடாமல் அடைத்தே வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் நீதிமன்றம் போய்த்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் நடந்தது. 1993-ல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது, நாட்டிலேயே முதல் மாநிலச் சங்கம். 1995-ல் அமெரிக்க நிதியோடு வி.எச்.எஸ். மருத்துவமனை நடத்திய ஏபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளிகளிடமும் போனது. 1998-ல் கௌசல்யா என்ற இளம்பெண் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், நோயோடு வாழும் பெண்களுக்கென்றே ஒரு அமைப்பை சென்னையில் தொடங்கினார். அதே பத்தாண்டில், வேறு காரணத்துக்காக, எங்கள் பக்கத்திலேயே வேரூன்றிய அமைப்புகளும் இருந்தன. ராயபுரத்தில் தெருவிலும் வேலையிலும் இருந்த பிள்ளைகளுக்காக அருணோதயா, தண்டையார்பேட்டையில் கருணாலயா. பணம் டெல்லியிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் வந்தாலும், பேசவேண்டிய வாய் எங்கள் தெருவிலிருந்து வரவேண்டியிருந்தது. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது.

1993-ல் தொடங்கிய ‘நலம்தானா’ குழு சென்னைக் குடிசைப் பகுதிகளில் போட்ட நாடகங்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. அவர்கள் நாடகத்துக்கு முன்னும் பின்னும் ஜனங்களிடம் கேள்வி கேட்டு, என்ன மாறியது என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வு 1999-ல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்தது. நான் சேர்ந்தது வேறொரு சின்னக் குழு. ஏலம் முடிந்து மீன்காரர்கள் தூங்கி எழுந்து, விசைப்படகுக்கு ஐஸ் ஏற்றும் வேலையும் ஓய்ந்த சாயங்காலத்தில், சந்து முனையில் டியூப் லைட் கட்டி ஆரம்பிப்போம். தப்பு அடித்தால் பிள்ளைகள் வருவார்கள். கானா எடுத்தால் பெரிய பையன்கள் வருவார்கள். பெண்கள் கதவை ஒருக்களித்து நின்று கேட்பார்கள். முதல் நாள் ஒரு பெரியவர் எழுந்து, “இன்னாம்மா, பொம்பளயா இருந்துக்கினு நடுத்தெருவுல இதெல்லாம் பேசுற?” என்றார். எங்கள் குழுத் தலைவி, அவரும் காசிமேட்டுக்காரர்தான், “நான் பேசலன்னா ஒம் பேரனுக்கு லாட்ஜு டாக்டர் பேசுவான், பரவாயில்லியாப்பா?” என்று கேட்டார். அவர் உட்கார்ந்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்த படித்த பெண் அதைச் சொல்லியிருந்தால் கல் விழுந்திருக்கும்.

நாடகம் முடிந்ததும் ஒரு பிஸ்கட் டின்னை வைப்போம். கேட்க வெட்கப்படுகிறவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியெல்லாம் எச்.ஐ.வி. நான்கு வழியில் பரவும், இந்த இந்த வழியில் பரவாது என்பது. டின்னில் வந்த சீட்டுகள் வேறு உலகத்திலிருந்து வந்தன. கைப்பழக்கம் இருந்தால் பிள்ளை பிறக்காதா? எனக்கு மட்டும் ஏன் மாதாமாதம் வரவில்லை? முத்தம் கொடுத்தால் கர்ப்பமாகுமா? எனக்குப் பையன்களைப் பார்த்தால்தான் ஆசை வருகிறது, இது வியாதியா? ஒரு சீட்டில், குழந்தைக் கையெழுத்தில், இப்படி இருந்தது: “மாமா தொடுறாரு. அம்மாகிட்ட சொன்னா அடிக்குது. யார்கிட்ட சொல்றது?”

அந்தச் சீட்டை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இல்லை. எங்கள் மாத அறிக்கைப் படிவத்தில் பார்வையாளர் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆணுறை எத்தனை விநியோகம் என்ற கட்டங்கள் இருந்தன. அந்தச் சீட்டை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. நாங்கள் பேசவந்தது ஒரு கிருமியைப் பற்றி. பிள்ளைகள் கேட்டது தங்கள் வாழ்க்கையைப் பற்றி. எய்ட்ஸ் பணம் எங்கள் தெருவுக்கு வராமலிருந்தால் அந்த டின்னே இருந்திருக்காது என்பதும் உண்மை. அந்த நன்றியோடுதான் குறையையும் சொல்கிறேன்.

2003-ல் சென்னைச் சுவரெல்லாம் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டன. ஏபாக் செய்த விளம்பரம். யார் ஒட்டியது என்றே முதலில் தெரியாததால் ஊரே அதைப் பேசியது. டீக்கடையில் எய்ட்ஸ் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல வைத்ததே அதன் வெற்றி. ஆனால் எங்கள் பக்கத்துச் சுவர்களில் நான் பார்த்தவரை அது ஆண்களிடம் மட்டும் பேசியது, அதுவும் தப்பு செய்கிற ஆணிடம். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைக்கு அதில் ஒரு வரி இல்லை. அந்தக் காலத்தில் விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் நடத்திய ‘புதிரா புனிதமா’தான் பல வீடுகளுக்கு ஒரே பாடம். எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்ததாக எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மருந்து வந்தது 2004 ஏப்ரலில். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். எண்ணூரில் ரயிலேறி பீச்சில் இறங்கி, தாம்பரம் வண்டி மாறிப் போகவேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். பிறகு ஸ்டான்லியிலும் மருந்து கிடைத்தபோது எங்கள் ஆட்கள் பிழைத்தார்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் பையன்கள் மாத்திரையை விட்டமின் டப்பாவில் மாற்றிக் கொண்டுபோவார்கள். படகில் யாரும் கேட்டால் சத்து மாத்திரை என்பார்கள். அந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நாங்கள்தான்.

வைன் ஷாப்பிலும் பேசிப் பார்த்தார்கள். சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே என்று ஐந்து நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையில் இந்தியாவின் பங்கு சென்னையில், ஒய்.ஆர்.ஜி. கேர் வழியாக நடந்தது. கடைக்கு வருகிறவர்களிலேயே மற்றவர்கள் மதிக்கும் ஆளைப் பிடித்து, அவர் வாயால் நண்பர்களிடம் பேசவைப்பது அதன் வழி. முடிவு 2010-ல் வந்தது. அப்படிப் பேச ஆள் வைத்த இடத்திலும், வெறும் பரிசோதனையும் ஆலோசனையும் சிகிச்சையும் ஆணுறையும் மட்டும் கொடுத்த இடத்திலும் ஆபத்தான நடத்தை ஒரே மாதிரி குறைந்திருந்தது. சிலர் இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. போய் உட்கார்ந்து பேச ஓர் ஆளும், அங்கேயே மருந்தும் இருந்தால் ஜனம் தன்னைக் காத்துக்கொள்கிறது. பெரிய வித்தை எதுவும் தேவையில்லை.

இவ்வளவும் நடந்த அதே காலத்தில் பள்ளிக்கூடக் கதவு சாத்தியே இருந்தது. 2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 2007-ல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்பட பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்றது. இங்கே கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் நன்றாக நடந்தன. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் பத்தாவதோடு படகுக்கும் லாரிக்கும் போய்விடுகிறவர்கள். கல்லூரிச் சங்கம் அவர்களுக்கு எட்டாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது “இத வீட்டுல படிச்சிக்கோங்க” என்று பக்கத்தைத் திருப்பிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலைமை மோசமானது. கடலோரக் குப்பங்களிலிருந்து பெயர்ந்தவர்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள், பிறகு எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்கு மாற்றினார்கள். ஒரே தகரச் சுவருக்கு இரு பக்கமும் இரண்டு குடும்பம். குளிக்க மறைவு இல்லை. கடன் அடைக்க எர்ணாவூர்ப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007-ல் செய்தியானது. அந்தக் கொட்டகைகளில் பெண்பிள்ளைகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட அம்மாக்கள் துடித்தார்கள். “வயசுப்புள்ளய இங்க எப்டிக்கா வச்சிருக்கிறது?” என்று என்னிடம் கேட்ட அம்மாவுக்குச் சட்டம் சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டது பாதுகாப்பான இடம்.

2012 நவம்பரில் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. டின்னில் சீட்டுப் போட்ட அந்தக் குழந்தைக்காக நான் கேட்டுக்கொண்டிருந்த சட்டம். அதனால் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். கூடவே இன்னொன்றும் நடந்தது. பதினெட்டுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதம் செல்லாது என்பதால், காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் குற்றத்துக்குள் வந்தார்கள். நாள் தள்ளிப்போன பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போலீசுக்குத் தகவல் போகவேண்டும். “அக்கா, ஒரே ஒரு தபாதான்… இப்ப இன்னா பண்றது? அவன உள்ள போட்டுடுவாங்களா?” என்று என் முன்னால் அழுத பிள்ளைகள் பிறகு வரவே இல்லை. மருந்துக்கடையில் எதையோ வாங்கி விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கோடு வந்தவர்களும் உண்டு.

சென்னை உயர் நீதிமன்றமே இந்தச் சிக்கலைப் பார்த்தது. 2019-ல் நீதிபதி வி. பார்த்திபன், பதினாறு வயதுக்கு மேல் மனமொத்த உறவைச் சட்டத்திலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கச் சொன்னார். 2021-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்து, வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் இல்லை இது என்ற கருத்தில் எழுதினார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தைப் போலீசுக்கு மருத்துவர் சொல்லவேண்டியதில்லை என்றது. 2024 செப்டம்பரில் அதே உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றியபோது, முழுமையான பாலியல் கல்வி பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. நீதிமன்றங்கள் நல்லதைச் சொல்கின்றன. காசிமேட்டுப் பிள்ளைக்கு அதை யார் கொண்டுபோய்ச் சொல்வது?

ஏனென்றால் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் போய்விட்டார்கள். எச்.ஐ.வி. பரவல் குறைந்தது; 2000-களின் தொடக்கத்தில் அதிகப் பரவல் உள்ள ஆறு மாநிலங்களில் ஒன்றாக இருந்த தமிழ்நாடு அந்தப் பட்டியலிலிருந்து மீண்டது. அது எங்கள் எல்லோருக்கும் பெருமை. வெளிநாட்டு நிதியும் அதோடு பின்வாங்கியது. நாடகக் குழுக்கள் கலைந்தன. என்னோடு தப்பு அடித்தவர் இப்போது கன்டெய்னர் யார்டில் காவலாளி. 2014 ஜனவரியில் மத்திய அரசு 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கென்றே தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. நோய்க்காகவோ மக்கள்தொகைக்காகவோ இல்லாமல், பிள்ளைகளுக்காகவே ஒரு திட்டம். காகிதத்தில் அருமையான திட்டம். நான் போய்ப் பார்த்த ஒரு வளரிளம் பருவ மையம் காலை பத்து மணி முதல் மதியம் வரை திறந்திருந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், அல்லது வேலையில். ஆலோசகர் பெண், பையன்கள் எட்டிப் பார்க்கவில்லை. நுழைவாயில் எச்.ஐ.வி. பரிசோதனை வரிசையைத் தாண்டித்தான். பக்கத்துவீட்டு அத்தை அந்த வரிசையில் நின்றால் எந்தப் பெண்பிள்ளை உள்ளே வரும்?

இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது கையில் இருக்கும் போன். லாட்ஜ் வைத்தியர் மாதம் ஒரு நாள்தான் வந்தார். இது படுக்கையிலும் கூட வருகிறது. வன்முறையைப் பார்த்து அதுதான் உறவு என்று நம்புகிற பதினான்கு வயதுப் பையன்களோடு பேசியிருக்கிறேன். திட்டாமல், நடுங்காமல் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் அவர்கள் முகம் மாறுகிறது.

எனவே கேட்கிறேன். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆகிய மாநகராட்சி மண்டலங்களில் இருக்கும் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு சாயங்காலமாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். தனி வாசல் வையுங்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர், இந்த வட்டாரத்துப் பேச்சு பேசுகிறவர்களாக உட்காரட்டும். அவர்களுக்கு ஒப்பந்தக் கூலி வேண்டாம், நிரந்தர வேலை கொடுங்கள். நோய் குறைந்தது என்று அவர்களை நிறுத்தாதீர்கள். தலைமை ஆசிரியர்கள் அந்தப் பத்தாம் வகுப்புப் பாடத்தை வகுப்பில் நடத்தச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள், வந்து நடத்துகிறோம்.

இதைப் படிக்கும் அம்மா அப்பாக்களுக்கும் ஒரு வேலை உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எச்.ஐ.வி., பால்வினை நோய் சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் இலவசம். இன்று ராத்திரி சாப்பிடும்போது இந்த இரண்டு எண்களையும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், “எதுவானாலும் என்கிட்ட கேளு, அடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள்.